மாரிக்கு முன் வீட்டைத் திருத்துவது: திருகோணமலை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உப்புவெளி, நிலாவெளி, உவர்மலை, பாலையூற்று, கிண்ணியா, மூதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்காரர்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். பதில் எழுதும்போது ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறேன்: பழுதை மூடுகிற வேலைக்குக் காசு போடுவதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெயின்றும் புட்டியும் பழுதை ஒரு கோடைக்கு மறைக்கும். மாரி வந்தால் அது திரும்ப வெளியே வந்துவிடும்.

திருத்த வேலைகளுக்கு எந்த மாதங்கள் நல்லது?

சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததிலிருந்து புரட்டாதி நடுப்பகுதி வரை. எங்கள் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் உச்சம் பிடித்து, தை வரை இழுக்கும். கொழும்பில் மே, ஜூனில் மழை கொட்டும்போது இங்கே கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) சுவரைக் காய வைத்துக்கொண்டிருக்கும். அதனால் கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் மாதக் கணக்கு நமக்குச் சரிவராது.

கூரையையும் வெளிச்சுவரையும் ஆடி, ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். பீலி, கான் துப்புரவைப் புரட்டாதிக்கு வைத்துக்கொள்ளலாம்; முன்கூட்டியே செய்தால் கச்சான் திரும்பவும் சருகைக் கொண்டுவந்து நிரப்பும்.

கச்சானில் ஒரு சிக்கலும் உண்டு. காலையில் பூசிய சீமெந்துப் பூச்சு மத்தியானத்துக்குள் காய்ந்து மயிர் வெடிப்பு விடும். வெயில் ஏற முன் அல்லது பின்னேரம் பூசச் சொல்லுங்கள். அப்புறம் குறைந்தது 7 நாள், ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் தண்ணீர் விட வேண்டும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. மேசன் வீட்டுக்குப் போன பிறகு தண்ணீர் விடுவது வீட்டுக்காரரின் வேலை. பூச்சின் பலத்தில் பாதி அந்த ஒரு கிழமையில்தான் இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கலாமா?

உள் அறைகளுக்கு, நிலைகளுக்கு, முன் கதவுக்கு அடியுங்கள். வெளிச்சுவருக்கு வேண்டாம். மார்கழிச் சுவர் தண்ணீர் குடித்து நிற்கும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் பங்குனி வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும், பெயின்ற் கொப்புளித்து உரியும்.

சந்தேகமிருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுக் கழற்றிப் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தாலோ, சுவரில் அந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ, பெயின்ற் வாளியைத் திறக்கவே வேண்டாம்.

பொங்கலுக்கு வெள்ளையாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். நன்றாக நீற்றிய சுண்ணாம்பை மெல்லிசாகக் கரைத்து மூன்று தரம் அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது. புதிதாகப் பூசிய சுவர் என்றால் எந்தப் பெயின்றுக்கும் 28 நாள் பொறுத்திருங்கள்.

கடற்கரைப் பக்க வீடுகளுக்கு இன்னொன்று: பெயின்ற் அடிக்க முன் சுவரை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கச்சான் காலத்திலும் பின்னேரத்தில் கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் படிய விடுகிறது. விரலால் தடவி நாக்கில் வைத்தாலே தெரியும். உப்பின் மேல் அடித்த பெயின்ற் சுவரைப் பிடிக்காது.

சுவரின் அடிப்பக்கம் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளைப் பொடி பூத்துப் பூச்சு உதிர்கிறது. ஒவ்வொரு வருடமும் திருத்துகிறோம், திரும்ப வருகிறது. என்ன செய்வது?

அது உவர். நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால் மேலே ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிட, அதில் கரைந்திருந்த உப்பு பூச்சின் நுண்துளைகளில் படிகமாகி, உள்ளிருந்து பூச்சைத் தள்ளி உடைக்கிறது. இதற்கு மேல் வலுவான சீமெந்துப் பூச்சோ, புட்டியோ, மாபிளோ ஒட்டினால் ஈரம் நிற்காது. அந்த இடத்தில் வெளியேற முடியாமல் இன்னும் ஒரு அடி மேலே போய் வெளியே வரும். மூன்றடிக்கு மாபிள் ஒட்டிய சுவர்களில் நாலாவது அடியில் உவர் பூத்திருப்பதை ஊர் முழுக்கப் பார்க்கலாம்.

முதலில் வெளியே போய் நில மட்டத்தைப் பாருங்கள். வருடாவருடம் மண் கொட்டி வளவை உயர்த்தியதில், வெளி மண் வீட்டுத் தரையின் மட்டத்துக்கோ அதற்கு மேலோ வந்திருக்கும். ரோட்டை உயர்த்திப் போட்ட இடங்களில் இது இன்னும் மோசம். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை போட்டிருந்தாலும், வெளி மண் அதைத் தாண்டி நின்றால் பயனில்லை. சுவரோரம் மண்ணை வெட்டி, தரை மட்டத்துக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே கொண்டுவாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி போட்டுக் கானுக்குத் திருப்புங்கள். குளியலறைச் சுவரில் மட்டும் உவர் இருந்தால், உள்ளே பைப் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அது முடிந்த பிறகே சுவரில் கை வைக்க வேண்டும். உவர் தெரியும் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பக் கல்லுக்குள் போய்விடும். கொத்திய சுவரை ஒரு கச்சான் முழுக்கத் திறந்தே விடுங்கள். வந்து போகிறவர்களுக்கு வடிவாக இருக்காதுதான், ஆனாலும் பொறுமையாக இருங்கள். பிறகு 1 பங்கு சீமெந்து, 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்ற கலவையில் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். ஈரத்தடுப்பே போடாத பழைய வீடு என்றால், இரண்டு மூன்று அடித் துண்டு துண்டாகச் சுவரடியை வெட்டித் தடுப்பு வைப்பதும் உண்டு. அதைப் பழக்கப்பட்ட மேசனைக் கொண்டு மட்டும் செய்யுங்கள்.

கொங்கிறீற் தட்டின் அடிப்பக்கம் வெடித்துக் கம்பி தெரிகிறது. பூசி விட்டால் போதாதா?

போதாது. இந்த ஊர்க் கடற்கரை வீடுகளில் நான் மிக அதிகமாகப் பயப்படுகிற பழுது இதுதான்.

உப்புவெளியில் கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே ஒரு வீட்டின் முன் போர்ட்டிகோவைச் சொல்கிறேன். தட்டின் கீழே, கம்பி ஓடுகிற திசையில் நேர்கோடாக ஒரு மண்ணிறக் கறை. கறையிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுத்தியலால் தட்டினால் கல்லில் தட்டிய சத்தம். கறைக்கு மேல் தட்டினால் வெறும் பெட்டியில் தட்டிய சத்தம். உளியை வைத்ததும் ஒரு முழத் துண்டு அப்படியே கழன்று விழுந்தது. உள்ளே இருந்த 10 மி.மீ. கம்பியைச் சுரண்டினால் கறள் ஏடு ஏடாக உரிந்தது. கம்பிக்குக் கீழே இருந்த கொங்கிறீற் அரை அங்குலம்கூட இல்லை. கட்டும்போது கம்பிக்கு அடியில் கட்டை வைக்காமல் பலகையிலேயே கிடத்தி ஊற்றியிருக்கிறார்கள்.

நடப்பது இதுதான்: கடல் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியை எட்டுகிறது, கம்பி கறள் பிடிக்கிறது, இரும்பை விடக் கறளுக்கு இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும், அதனால் கொங்கிறீற் உள்ளிருந்து பிளக்கிறது. மேலே பூசினால் கறள் உள்ளே தொடர்ந்து வேலை செய்யும், நீங்கள் பார்க்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

திருத்தும் முறை: முதலில் தட்டுக்கு முட்டுக் கொடுங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடம் முழுவதையும், கறள் இல்லாத கம்பி தெரியும் வரை, கொத்துங்கள். கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் நுழைகிற அளவு திறக்க வேண்டும். கம்பித் தூரிகையால் பளபளக்கும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, நாகம் (துத்தநாகம்) கலந்த கறள்தடுப்புப் பூச்சு அடியுங்கள். பிறகு ஒட்டுப் பசையும் திருத்தச் சாந்தும் வைத்து நிரப்ப வேண்டும். ஹாட்வெயார் கடைகளில் இதற்கென்றே பைகளில் வருகிறது. சாதாரண சீமெந்துச் சாந்து பழைய கொங்கிறீற்றைச் சரியாகப் பிடிக்காது. கம்பியின் கனத்தில் நாலில் ஒன்று தின்றுபோயிருந்தால் மேசனோடு நிறுத்தாமல் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

புதிதாக ஊற்றுகிறவர்கள் கடலுக்குக் கிட்ட வெளிப்பக்கக் கொங்கிறீற்றில் கம்பிக்கு மேல் 40 முதல் 50 மி.மீ. கொங்கிறீற் மூடல் விடுங்கள். கட்டைகள் வைத்திருக்கிறார்களா என்று ஊற்றுகிற அன்று காலை நீங்களே குனிந்து பாருங்கள். ஊற்றிய பிறகு பார்க்க வழியில்லை.

மணல் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

மகாவலி ஆறு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. ஆற்றின் மேற்பக்கம் அள்ளிய மணலும் முகத்துவாரத்துக்குக் கிட்ட அள்ளிய மணலும் ஒன்றல்ல. லொறி வந்ததும், இறக்க முன்னமே, குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பாருங்கள். சிப்பித் துண்டுகள் கண்ணில் பட்டால் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் அமரும், சேறு அதன் மேல் மெல்லப் படியும். அந்தச் சேற்றுப் படை கண்ணுக்குத் தடிப்பாகத் தெரிந்தால் பூச்சுக்கு உதவாது. அனுமதிப்பத்திரம் உள்ள மணலையே வாங்குங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கொங்கிறீற் குழைத்தால் நல்ல மணல் வாங்கியும் பயனில்லை.

சீமெந்துக்கு?

சீனக்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிற மாவட்டம் என்பதால் எல்லாப் பையும் புதிது என்று நம்ப வேண்டாம். பையில் உள்ள திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். கையால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் அது செத்த சீமெந்து. வீட்டில் பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.

கூரை ஒழுகுகிறது. எந்த இடம் என்று பிடிபடவில்லை.

சீலிங்கில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள். ஓட்டின் கீழே விழுந்த துளி ரீப்பையிலும் கைமரத்திலும் வழிந்து பல அடி கீழே வந்துதான் சொட்டும். கறையிலிருந்து முகட்டை நோக்கி மேலே தேட வேண்டும். பகலில் சீலிங்குக்கு மேலே ஏறி விளக்கை அணைத்தால், விலகிய ஓட்டுக்குள்ளால் வெளிச்சம் தெரியும்.

ஓட்டுக் கூரையில் வழக்கமான இடங்கள் மூன்று: இரண்டு கூரை சேரும் பள்ளம், முகட்டோட்டின் சாந்து, கூரை சுவரோடு சேரும் விளிம்பு. பள்ளத்தில் வேப்பிலைச் சருகு அடைத்துத் தண்ணீர் பின்னால் ஏறுவதுதான் அதிகம். குரங்கு வருகிற பக்கமென்றால் ஒவ்வொரு மழைக்கும் முன் ஓடு விலகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். கூரைக்கு மேல் நீண்ட கொப்புகளை வெட்டுவது பாதித் தொல்லையைக் குறைக்கும்.

சீற் கூரையில் பழுது பெரும்பாலும் ஸ்குரூவின் ரப்பர் வாஷரில். வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். பழைய துளையில் தார் பூசாமல் வாஷரோடு ஸ்குரூவை மாற்றுங்கள். அலைச் சீற்றில் ஸ்குரூ மேட்டில்தான் ஏற வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே துளை போட்டதாகிவிடும்.

கொங்கிறீற் மொட்டைமாடி என்றால், தண்ணீர் வழியும் துளைகளை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். கீழே எங்கே ஈரம் வருகிறது என்று தெரிந்துவிடும். நூறு அடிக்கு ஒரு அடியாவது சரிவு இல்லாமல் தண்ணீர் தேங்கும் மாடிக்கு எந்த விலையுயர்ந்த நீர்த்தடுப்புப் பூச்சும் நிரந்தரமாக உதவாது, முதலில் சரிவு.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழுவிப் பெயின்ற் அடிக்கலாமா?

கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், உலர்ந்த சீற்றை வாளால் அறுக்க வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு, பல வருடம் கழித்துத்தான் நோயாகத் தெரியும். முழுதாக இருக்கிற சீற்றைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. கழற்ற வேண்டி வந்தால் நன்றாக நனைத்து, முகமூடி போட்டு, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். சீற்றின் மேல் நேரடியாக மிதிக்காதீர்கள். பலகை போட்டு நடக்க வேண்டும்.

சூறாவளிக்குக் கூரை தாங்குமா?

1964 டிசம்பர் சூறாவளி திருகோணமலையை அடித்தது இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. ஆகவே இது வீண் பயமல்ல.

கூரையைக் காற்று மேலிருந்து அமுக்குவதில்லை. மேலே உறிஞ்சித் தூக்குகிறது. கதவோ யன்னலோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், உள்ளிருந்தும் தள்ளும். எங்கள் கூரைகளில் கைமரத்தைச் சுவர் மேல் வைத்து இரண்டு ஆணி அடித்திருப்பார்கள். பாரத்தைத் தாங்க அது போதும், தூக்கலைத் தாங்காது. ஆணி மரத்திலிருந்து நேராக உருவிக்கொண்டு வந்துவிடும்.

வழி பெரிய செலவில்லாதது. நாகமுலாம் பூசிய இரும்புப் பட்டியால் ஒவ்வொரு கைமரத்தையும் சுவர் மேல் கிடத்தியுள்ள வளை மரத்தோடு கட்டுங்கள். வளையைச் சுவரின் கொங்கிறீற் பட்டியில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ரீப்பையைக் கைமரத்தோடு ஸ்குரூவால் பிடியுங்கள். கூரை விளிம்பில், மூலையில், முகட்டோரம் ஸ்குரூக்களை நெருக்கமாகப் போடுங்கள். காற்று முதலில் தூக்குவது அந்த இடங்களைத்தான். விளிம்பு இரண்டடிக்கு மேல் வெளியே நீண்டிருந்தால் கீழிருந்து தாங்கு கொடுங்கள். பழைய வீட்டில் முழுவதையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாவிட்டால், கடல் பார்த்த பக்கத்தையும் நாலு மூலைகளையும் முதலில் கட்டுங்கள்.

காற்றெச்சரிக்கை வந்த அன்று தகரத்தின் மேல் மண்மூட்டை ஏற்றுவது பாதுகாப்பல்ல; மூட்டை வழுக்கி ஆள் மேல் விழும். வளவில் கிடக்கும் தகரத் துண்டு, பலகை, கதிரை எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். தென்னையின் காய்ந்த மட்டையையும் தேங்காயையும் ஐப்பசிக்கு முன்னமே இறக்கி வையுங்கள்.

கடற்கரை வீட்டில் எந்த ஸ்குரூ, பிணைச்சல் நிற்கும்?

கடலுக்குக் கிட்ட 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. 304 தரம் கடலிலிருந்து உள்ளே தள்ளிய இடங்களில் ஓரளவு நிற்கும், கடலோரத்தில் மண்ணிறப் புள்ளி விடும். வாங்க முடியாவிட்டால் உருக்கிய நாகத்தில் தோய்த்ததை வாங்குங்கள். பளபளவென்று மெல்லிசாக முலாம் பூசியது ஒரு மாரி தாங்காது. யன்னல் கிறில்லைக் கிழமைக்கொரு தரம் நல்ல தண்ணீரால் கழுவினால் பெயின்ற் இரு மடங்கு காலம் நிற்கும் என்பது என் அனுபவம்.

நல்ல தண்ணீர்க் கிணறு ஆடி, ஆவணியில் உவர்க்கிறது. இன்னும் ஆழமாக்கலாமா?

ஆழமாக்காதீர்கள். நிலாவெளி, குச்சவெளி போன்ற மணற் கரையில் மழையால் ஊறிய நன்னீர், அதை விடப் பாரமான கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: மோட்டரால் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலும் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் பல மடங்கு ஏறப் பார்க்கும். ஆழமாக்கினால் நீங்களே உப்பைத் தேடிப் போகிறீர்கள்.

சின்ன மோட்டரை வையுங்கள். ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பாமல் காலை, மத்தியானம், பின்னேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். உறிஞ்சு குழாயின் வாயை அடியில் வைக்காமல் மேலே தூக்கி வையுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைக் கானுக்குள் விடாமல் வளவிலேயே குழி வெட்டி மண்ணுக்குள் இறக்குங்கள். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்தால்தான் இது பலன் தரும். தண்ணீருக்கு மதில் கிடையாது.

வெள்ளம் கிணற்றுக்குள் போய்விட்டது.

குடிக்க, பல் தீட்ட, சமைக்க எடுக்காதீர்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தப்படுத்த வழிகாட்டுவார்கள். நிலம் ஊறிப்போயிருக்கும்போது கிணற்றை ஒரேயடியாக இறைத்து வெறுமையாக்கினால் வளையம் சரியலாம், ஆகவே சுற்றுத் தண்ணீர் வற்றிய பிறகு மெல்ல இறையுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் மணமில்லாத நச்சு வாயு இருக்கிறது; இறங்கிய ஆளும் தூக்கப் போன ஆளும் சேர்ந்து சாகிற விபத்து இப்படித்தான் நடக்கிறது.

சாதாரண நாட்களில் வீட்டிலேயே கிணற்றுக்குக் குளோரின் போட ஒரு கணக்கு: கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 0.785ஆலும் பெருக்கினால் கன மீற்றர் வரும் (ஒரு கன மீற்றர் 1,000 லீற்றர்). 1.2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,260 லீற்றர். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் 6 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வாளியில் கரைத்து, கசடை அடைய விட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தொடாதீர்கள். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது வசதி.

மலக்குழி மாரியில் நிரம்பிப் பின்னால் தள்ளுகிறது.

குழி நிறைந்ததால் அல்ல, நிலத்தடித் தண்ணீர் உயர்ந்ததால் இருக்கலாம். அந்த நேரத்தில் பவுசரைக் கூப்பிட்டு முழுக்க உறிஞ்ச வேண்டாம். பிளாஸ்டிக், பைபர் தாங்கிகள் வெறுமையானால் மிதந்து மேலே வரும், பைப் உடையும். கோடையில், மூன்று முதல் ஐந்து வருடத்துக்கொரு தரம் இறைப்பதே முறை. ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50, 60 அடி இருக்க வேண்டும். சின்னக் காணிகளில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அந்த அளவுக்குள் சேர்த்துப் பாருங்கள்.

ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீசியன் ஒருவர் அதைக் கழற்றி நேரே இணைத்துத் தரலாம் என்கிறார்.

அவரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த 30 மில்லி அம்பியர் சுவிச் உங்கள் பிள்ளையின் உயிருக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கிற ஒரே தடுப்பு. விழுகிறது என்றால் எங்கேயோ மின்சாரம் கசிகிறது, அது தன் வேலையைச் செய்கிறது.

எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுச் சுவிச்சைத் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் மோட்டரோ, பழைய குளிர்சாதனப் பெட்டியோ, கேத்தலோ பிடிபடும். எதுவும் செருகாமலே விழுந்தால் வயரிங்கில் ஈரம். மாரியில் வெளிச்சுவர் விளக்குப் பெட்டியைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள். பச்சை பூத்த செப்பு முனையும் எறும்புக் கூடும் இருக்கும். இந்தத் திறக்கிற வேலை தகுதியுள்ள மின்னியலாளருடையது.

மாதமொரு தரம் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். வெள்ளம் வாசலுக்கு வரும்போதே பிரதான சுவிச்சை அணையுங்கள். தண்ணீர் வற்றியதும் உடனே போடாமல், மின்னியலாளரைக் கொண்டு பிளக் பெட்டிகளைத் திறந்து காயவைத்துச் சோதித்த பிறகு போடுங்கள். ஐப்பசி இடி மின்னலுக்கு தொலைக்காட்சி அன்ரனா வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

கறையானுக்குப் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றலாமா?

கிணறு இருக்கிற வளவில் வேண்டவே வேண்டாம், தண்ணீரில் ஊறும். கறையான் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டித்தான் ஏறுகிறது. அத்திவாரத்தைச் சுற்றி மாதமொரு தரம் டோர்ச் அடித்துப் பாருங்கள். குழாயை உடைத்து விட்டு இரண்டு நாளில் திரும்பக் கட்டியிருந்தால் உயிருள்ள புற்று. விறகு, பழைய பலகை, கிடுகு எதையும் சுவரில் சாத்தி அடுக்காதீர்கள். மரத் தூண் நேரே மண்ணில் நிற்கக் கூடாது. நிலை ஏற்கெனவே உக்கியிருந்தால், மருந்தடிக்கிற பழக்கப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, கிணற்றுக்கான தூரத்தை முதலே சொல்லிச் செய்விக்க வேண்டும். முற்றிய பனை வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. கைமரத்துக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

சுவர் வெடிப்பில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பூச்சில் மட்டும் வலை மாதிரி ஓடும் மயிர் வெடிப்புக்குப் பயம் வேண்டாம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது, கல் வரிசையில் படிக்கட்டாக இறங்குவது, ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றது, இவை அத்திவார அசைவின் அடையாளம். இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் பாருங்கள். தம்பலகாமம் வயற்பக்கக் களிமண்ணில் கோடையில் திறந்து மாரியில் மூடும் வெடிப்புகள் உண்டு. 5 மி.மீ. தாண்டினாலோ, கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ பொறியியலாளர் பார்க்க வேண்டும்.

வீடு வெக்கையாக இருக்கிறது.

கூரையின் மேல் வெள்ளை அடியுங்கள், சீலிங்குக்கு மேலே உள்ள வெக்கைக் காற்று வெளியேற இரு முகப்பிலும் துவாரம் விடுங்கள், மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள். இந்த மூன்றும் குளிரூட்டி வாங்க முன் செய்ய வேண்டியவை.

தண்ணீர்க் கட்டணம் திடீரென்று கூடிவிட்டது.

எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். ஓடினால் ஒழுக்கு. தாங்கியின் மிதவை வால்வையும் மலசலகூடத் தொட்டியையும் முதலில் சோதியுங்கள். தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூள் கரைத்து விட்டால், பீங்கானுக்குள் நிறம் இறங்குவது தெரியும். தாங்கி மூடி சரியாக மூடுகிறதா, வழிவு குழாயில் வலை இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள், டெங்கு நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கும்.

மேசனை நாட்சம்பளத்துக்குப் பிடிப்பதா, கொந்தராத்தா?

கூரை முழுக்க மாற்றுவது, மதில் கட்டுவது போல அளக்கக்கூடிய வேலைக்குக் கொந்தராத்து. உவர், கம்பிக் கறள், ஒழுக்கு போலத் திறந்து பார்த்த பிறகுதான் அளவு தெரியும் வேலைக்கு நாட்சம்பளம். இவற்றைக் கொந்தராத்துக்குக் கொடுத்தால் மேசன் கொத்த வேண்டிய இடத்தையும் கொத்தாமல் பூசிவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

என்ன வேலை, சாமான் யார் வாங்குவது, கலவை விகிதம், காசு எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசிப் பங்கை முதல் மழை முடியும் வரை வைத்திருக்கச் சம்மதிக்கிற மேசன் கிடைத்தால் அவரை விடாதீர்கள். மூடப்படுகிற ஒவ்வொரு வேலைக்கும், பைப், வயர், கம்பி எதுவானாலும், பூச முன் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பின்னால் ஒரு அறை சேர்க்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். உங்கள் உள்ளூராட்சி சபையில் வரைபடத்தோடு விண்ணப்பியுங்கள். காணி கடலின் உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் அது சட்டப்படி கரையோர வலயம். கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்திலும் கேட்க வேண்டும். வைகாசியில் கட்டத் தொடங்க நினைத்தால் மாசியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்திவாரம் வெட்டும்போது ஐப்பசி வந்துவிடும்.